விராலின் வாய்

டிலக்சனா முதல்நாள் வந்து கேட்டது:
"அக்கா, சுத்தமான குப்பை கிடைக்குமா?"
உழவு மெசின் பெட்டிக்குள் நின்றபடி
சிரித்துவிட்டேன்.
செபமாலையண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார்.
பன்னிரண்டு வருசமாய்ப் பிரதேச சபைக்கு அள்ளுகிறேன்,
அப்படியொரு சாமானைக் கண்டதில்லை.

பிறகு விளங்கியது.
சோடாப் போத்தல், யோகட் கப்,
உடைந்த கதிரைக் கால்,
கல்யாணவீட்டு லஞ்ச் சீற்,
கிழிந்த நுளம்புவலை.
மணந்தாலும் பரவாயில்லை, புழு மட்டும் வேண்டாமாம்.
நாலு கிழமை தரம்பிரித்துக் கொடுத்தேன்.
குப்பைக்கு ஒருவர் எனக்கு நன்றி சொன்னதும்
அப்போதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறு பெடியள்
புதுக்குடியிருப்புச் சந்தியில்
கம்பியை வளைத்து வளைத்துக் கட்டினார்கள்.
வள்ளம் என்றார் பாண்கடைக்காரர்.
முள்ளந்தண்டு எழும்பியபோது முதலை என்றார்கள்.
குளத்தில் தூண்டில் போடுகிற பொன்னுத்துரைதான்
சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்:
"விரால்."

செதிலுக்குச் செருப்பு வேண்டும் என்றாள்.
அறுந்தது, தேய்ந்தது, ஒற்றை,
எந்த நிறமும். ஐந்நூறு.

செருப்பு என்னிடம் இருந்தது.
போன மாசியில்
குப்பைமேட்டுக்குப் புதுக் கிடங்கு வெட்டிய பெக்கோ
மூன்றாவது வாளியில்
மண்ணோடு அள்ளிப் போட்டவை.
ஒரு யூரியாப் பை நிறைய.
சின்ன அளவுகளும் உண்டு.
ஒன்றில் வார்ப்பூட்டு இன்னும் பூட்டியபடி.
பெக்கோக்காரன் தெற்குப் பக்கத்துப் பெடியன்,
தமிழ் தெரியாது.
என்னைப் பார்த்தான்.
இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்தான்.
அன்றைக்கு மேலே வெட்டவில்லை.

கொட்டிலில், மண்வெட்டிகளுக்குப் பின்னால்
அந்தப் பை நிற்கிறது.
"அதுக்குள்ள என்ன அக்கா?"
"ஈரம்."
"காயட்டும், பிறகு எடுப்பம்."
"காயாது, பிள்ளை."

அவள் மேலே கேட்கவில்லை.
எந்த வருசம் பிறந்தவள் என்று நானும் கேட்கவில்லை.
அடுத்தநாள் பள்ளிக்கூடங்களுக்கு அறிவித்தல் போய்
செருப்பு வந்து குவிந்தது.
எல்லாம் கிட்டடியில் தேய்ந்தவை.
போட்டவர்கள்
வேறு செருப்போடு நடந்துவந்து
தங்கள் கையால் தந்தவை.

திறப்புவிழாவுக்குப் பதாகை பிளாஸ்டிக்.
தவிசாளருக்குப் போட்ட மாலையும் பிளாஸ்டிக்.
வந்தவர்களுக்கெல்லாம் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எழுபத்தொன்று. எண்ணித்தான் பொறுக்கினேன்.

விராலின் வாய் ஆவென்று திறந்திருந்தது.
குப்பை தின்று மூச்சுமுட்டுகிறது என்று அதற்கு அர்த்தம்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒருத்தி
அந்த வாயைப் பார்த்தாள்,
கையிலிருந்த ஐஸ்பழக் கடதாசியைப் பார்த்தாள்,
உள்ளே போட்டாள்.
ஒரு கிழமையில் வயிறு நிறைந்துவிட்டது.
கீர்த்திகன் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து
தலையில் கைவைத்தான்:
"இது சிலை, குப்பைத்தொட்டி இல்லை!"
அதையே ஒரு பலகையில் எழுதி நட்டான்.
பலகையையும் யாரோ கழற்றி
வாய்க்குள் போட்டிருந்தார்கள்.

ஆனால் சந்தியில் இப்போது
என் விளக்குமாற்றுக்கு வேலை குறைவு.
வால்ப்பக்கம் ஒரு கதவு வைத்தால் என்ன என்று கேட்டேன்.
செபமாலையண்ணை பழைய யன்னல் கொளுக்கி கொண்டுவந்தார்.
டிலக்சனா நெடுநேரம் யோசித்தாள்,
பிறகு தானே கம்பியை அறுத்தாள்.
செவ்வாயும் வெள்ளியும்
விராலின் வயிற்றைத் திறந்து அள்ளுகிறேன்.
குளத்து மீனைவிட நாற்றம்.

மாரி தொடங்கமுதல்
இன்னொரு கிடங்கு வெட்டுவார்களாம்.
நான் கொட்டிலுக்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கிறேன்.
யாராவது வந்து
அளவு சொல்லிக் கேட்டால்
எடுத்துக் காட்டவேண்டும்.